வழி ஒருபால், பதி ஒருபால்

(மார்கழித் திருவாதிரைத் திருவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

திருவாதிரைக்கு முற்பட்ட இந்தப் பத்து நாள்களும் திருவெம்பாவை ஓதுதற்குரிய நாள்கள். இன்று விடியலிலும் இத்திருமுற்றத்தில் சிறுமியர் கூடி ஓதினார்கள், கேட்டு மகிழ்ந்தோம். அந்த ஒலி நம் தமிழகத்தோடு நின்றுவிடவில்லை என்பது உங்களில் பலர் அறிந்ததே. சயாம் என்று நம் முன்னோர் வழங்கிய தாய்லாந்து நாட்டின் தலைநகரில் ஓர் அந்தணர் கோயில் இருக்கிறது. 1784இல் எழுந்தது. அங்கே ஆண்டுதோறும் சிவபெருமான் மண்ணுலகுக்கு எழுந்தருளுவதாகக் கொண்டு நடத்தும் விழாவுக்குத் ‘திரியம்பவாய்’ என்று பெயர். திருவெம்பாவை என்னும் சொல்லே அவ்வாறு திரிந்தது என்று அறிஞர் காட்டியிருக்கின்றனர். அவ்விழாவின் பகுதியாகிய பேரூஞ்சல் 1935ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஊஞ்சல் கட்டிய செந்நிறத் தூண்கள் மட்டும் நகர நடுவே நிற்கின்றன. கோயிலுக்குள் சடங்குகள் தொடர்கின்றன.

சயாமுக்குக் கிழக்கே இருப்பது காம்போசம், இன்றைய கம்போடியா. அந்நாட்டுக்கும் நம் தில்லைக்கும் உள்ள தொடர்பைத் தில்லைக் கல்வெட்டு ஒன்றே சொல்லுகிறது. காம்போச மன்னன் முதற் குலோத்துங்கச் சோழனுக்கு அரிய கல் ஒன்றைக் காட்சிப் பொருளாக அனுப்பினான். சோழன் அதனைத் தன் கருவூலத்தில் வைத்துக்கொள்ளவில்லை. தில்லைத் திருக்கோயிலில் எதிரம்பலத்தின் முன்னே வைக்கச் செய்தான். இது நிகழ்ந்தது 1114ஆம் ஆண்டில். காம்போசத்தில் அப்போது அரியணை ஏறி ஓராண்டே ஆகியிருந்த மன்னன் இரண்டாம் சூரியவர்மன்.

அந்தச் சூரியவர்மன் காலத்தில் சிறப்புற்று விளங்கிய ஒரு சிவன் கோயிலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். திருவிழாக் காலத்தில் நாயன்மார் வரலாறு கேட்க வந்தவர்களுக்கு அயல்நாட்டு எல்லைச் சண்டையை ஏன் சொல்லவேண்டும் என்று சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

கம்போடியாவின் வடக்கெல்லையில் தாங்ரெக் என்னும் மலைத்தொடர் இருக்கிறது. அதன் ஓர் உச்சியில், ஐந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், அக்கோயில் அமைந்துள்ளது. கல்வெட்டுகளில் அங்குள்ள பெருமானுக்குச் சிகரேசுவரர் என்று பெயர். தமிழில் சொன்னால் கொடுமுடிநாதர். நம் கொங்கு நாட்டுக் கொடுமுடியில் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்கு வழங்கும் அதே திருப்பெயர்! இன்று கம்போடியர் அவ்விடத்தைப் பிரெ விஹியர் என்கின்றனர். தாய்லாந்து மக்கள் காவ் பிரா விஹான் என்கின்றனர். இரண்டிலும் உள்ளது விகாரம் என்னும் ஒரே சொல்தான். சிவன் கோயில் பின்னாளில் புத்தர்க்குரிய இடமாக மாறியதை அப்பெயர் காட்டும்.

கோயிலின் தொடக்கம் 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட யசோவர்மன் காலம் என்பர். 11ஆம் நூற்றாண்டில் முதலாம் சூரியவர்மன் அதனை விரித்துக் கட்டினான். பின்வந்த இரண்டாம் சூரியவர்மன் காலத்திலும் திருப்பணி நடந்தது. அரசமரபின் வரலாற்றேடுகள் அக்கோயிலில் பாதுகாக்கப்பெற்றன என்றும், அவற்றைக் காத்துவந்தவருக்கு மன்னன் நிலம் கொடுத்தான் என்றும் அங்குள்ள கல்வெட்டால் அறிகிறோம். அந்த ஏடுகளில் ஒன்றுகூட இன்று இல்லை.

அமைப்பிலும் அது தனித்தன்மை உடையது. காம்போசக் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியவை. இது வடக்கு நோக்கியது. வடக்கே நிலம் மெல்லச் சரிந்து இறங்குகிறது. அங்கிருந்து படிகளும் நடைபாதையும் தெற்கு நோக்கி மேலேறுகின்றன. ஏறத்தாழ 800 மீட்டர் நீளத்தில், ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கோபுர வாயில்கள். முதல் வாயிலில் நிற்பவனுக்கு இரண்டாவது தெரியாது. அதனைக் கடந்தால்தான் அடுத்தது கண்ணிற்படும். ஒவ்வொரு வாயிலும் அடுத்ததை மறைத்து நிற்கிறது. பெருமானின் ஐந்தொழில்களில் மறைத்தலும் ஒன்று என்று நாம் ஏட்டில் படிக்கிறோம். அங்கே கல்தச்சன் அதனை மலைச்சரிவில் அமைத்திருக்கிறான் என்று தோன்றுகிறது. ஐந்தாவதும் கடந்து கருவறையை அடைந்தால், அதன் பின்னே மலை முடிந்துவிடுகிறது. செங்குத்தான பாறைவீழ்ச்சி. கீழே கம்போடியச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம்வரை விரிந்து கிடக்கிறது.

ஏறும் வழி வடக்கிலிருந்து; பெருமான் இருப்பதோ தெற்கு விளிம்பில். அந்நாளில் இருபுறமும் ஒரே அரசு. ஆகவே இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. பின்னாளில் வடபுறம் தாய்லாந்தாகவும் தென்புறம் கம்போடியாவாகவும் ஆனபோது, வழி ஒருவர் பக்கத்திலும் பதி மற்றவர் பக்கத்திலுமாக ஆயின. கிழக்கே ஒரு பழைய படிவழி உண்டு என்றாலும் அது மிகக் கடினமானது.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். 1904இல் சயாமும், கம்போடியாவை ஆண்ட பிரெஞ்சு அரசும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. மலைமேல் விழும் மழைநீர் இருபுறமும் எங்கே பிரிகிறதோ அதுவே எல்லை என்பது உடன்பாடு. அளந்து வரைபடம் போடும் பொறுப்பைப் பிரெஞ்சு அதிகாரிகளிடமே சயாம் ஒப்படைத்தது. 1907இல் தயாரான வரைபடத்தில் கோயில் கம்போடியப் பக்கத்தில் விழுந்தது. நீர் பிரியும் கோட்டின்படி பார்த்தால் கோயில் எங்கள் பக்கம் என்று தாய்லாந்து பிற்காலத்தில் வாதிட்டது. ஆனால் வரைபடம் கையில் வந்தபோது அது ஒன்றும் சொல்லவில்லை. 1930இல் சயாமிய இளவரசர் தாம்ரோங் அக்கோயிலைக் காண வந்தார். பிரெஞ்சு அதிகாரி தம் நாட்டுக் கொடியை ஏற்றி அவரை வரவேற்றார். அப்போதும் மறுப்பு எழவில்லை.

1953இல் கம்போடியா விடுதலை பெற்றது. 1954இல் தாய்லாந்துக் காவலர் கோயிலில் அமர்ந்தனர். 1959இல் கம்போடியா, நெதர்லாந்து நாட்டின் தி ஹேக் நகரில் உள்ள அனைத்துலக நீதிமன்றத்துக்குச் சென்றது. 1962 சூன் 15 அன்று தீர்ப்பு வந்தது. ஒன்பது நடுவர் கம்போடியா பக்கம், மூவர் எதிர்ப்பக்கம். பேசவேண்டிய இடத்தில் பேசாதிருந்தவன் இசைந்தவனாகவே கருதப்படுவான் என்னும் பழைய சட்ட வழக்கை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம் ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்வதுதான்!

தாய்லாந்து மக்கள் கொதித்தனர். அரசு தீர்ப்புக்கு அடங்கியது. எனினும் கொடியை இறக்க மனம் வரவில்லை. பறக்கும் கொடியைக் கீழிறக்காமல் கம்பத்தோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு சனவரியில் கம்போடியத் தலைவர் சியனூக் மலையேறிக் கோயிலைப் பெற்றுக்கொண்டார். அங்கிருந்த பிக்குகளுக்குக் காணிக்கை செலுத்தினார். பிறகு, தாய்லாந்து மக்கள் நுழைவுச்சீட்டு இல்லாமலே கோயிலுக்கு வந்து போகலாம் என்றும், அங்கிருந்து எடுத்துச் சென்ற பழம்பொருள்களைத் தாய்லாந்தே வைத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார். வென்றவர் ஒருவர் இவ்வாறு நடந்துகொண்டதை இந்த நீண்ட வழக்கில் நாம் வேறெங்கும் காணவில்லை. அரசியலில் அவரைப் பற்றிப் பலர் பலவாறு சொல்லுவர். அன்று அவர் செய்தது கோயிலுக்கு ஏற்ற செயல்.

அந்த நல்லுறவு நீடிக்கவில்லை. 1975இல் கம்போடியா கொடியோர் கையில் சிக்கியது, இலட்சக்கணக்கானோர் மாண்டனர். 1979 சூன் மாதத்தில் நிகழ்ந்ததைச் சொல்ல நா எழவில்லை. உயிருக்கு அஞ்சித் தாய்லாந்துக்குள் ஓடிவந்த கம்போடிய ஏதிலியர் 40,000க்கும் மேற்பட்டோரைப் பேருந்துகளில் ஏற்றிவந்து, இந்தக் கோயில் நிற்கும் மலை விளிம்பிலிருந்து துப்பாக்கி முனையில் கீழே இறங்கச் செய்தார்கள். கீழே கண்ணிவெடிகள் புதைத்த காடு. முதியோரும் குழந்தைகளும் கைக்கோத்து இறங்கினர். வெடியிலும் நீர் வேட்கையிலும் மாண்டவர் பலர். அடைக்கலம் தேடி வந்தவனைக் காப்பது கோயிலின் முதல் இயல்பு. நஞ்சுண்டு தேவரைக் காத்தவன் வாயிலிலேயே அது நடந்தது.

2008 சூலையில் உலக மரபுச் சின்னமாக அக்கோயில் அறிவிக்கப்பெற்றது. மரபுச் சின்னமாக ஆனால் பாதுகாப்பு மிகும் என்று எண்ணுவோம். ஆனால் அவ்வாண்டு அக்டோபரிலேயே துப்பாக்கி வெடித்தது. 2011 பிப்ரவரியில் பீரங்கிச் சண்டை. கோயிற் கற்களிலும் காயம். 2013 நவம்பர் 11 அன்று அதே நீதிமன்றம், கோயில் நிற்கும் மலைமுனை முழுவதும் கம்போடியாவுக்கே உரியது என்று விளக்கம் தந்தது.

இதற்கு மேற்கே அதே மலைத்தொடரில் தா முயன் தோம் என்றொரு சிவன் கோயில். அங்குள்ள இலிங்கம் செய்து வைத்ததன்று. மலைப்பாறையே இலிங்கமாக எழுந்து நிற்கும் சுயம்பு மூர்த்தம். அதனைச் சுற்றிக் கோயிலைக் கட்டியிருக்கின்றனர். திருமஞ்சன நீர் வெளியேறப் பாறையிலேயே கால் வெட்டியிருக்கின்றனர். எந்நாட்டுக்குரியது என்பது தீராத இடம் அது. 2025 பிப்ரவரியில் கம்போடியர் ஒரு குழுவாக அங்கே வந்து பாடினார்கள். தாய்லாந்து வீரர் தடுத்தனர். அந்தச் சுயம்பு மூர்த்தியின் திருமுன் பாடப்பெற்றது என்ன தெரியுமா? தோத்திரம் அன்று, நாட்டுப் பண்! அவ்வாண்டு சூலை 24 அன்று அக்கோயிலருகே தொடங்கிய போர் ஐந்து நாள் நடந்தது. 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இருபக்கத்திலும் 3 இலட்சம் பேர்வரை ஊரைவிட்டு ஓடினர். மலேசியாவில் கூடிப் போர்நிறுத்தம் பேசினார்கள். திசம்பரில் மீண்டும் மூண்டது. 27ஆம் நாள் மறுபடியும் நிறுத்தினார்கள்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். சண்டையிடும் இருவரும் ஒரே சமயத்தவர்; புத்தரை வணங்குவோர்; ஒரே வகைக் காவி உடுத்த பிக்குகளின் காலில் விழுவோர். சிகரேசுவரத்தில் சண்டை இல்லாத நாள்களில் பத்தி கொளுத்துவதும் புத்தர் திருவுருவுக்கே. சிவாகமப்படி ஒரு கால பூசையும் அங்கே நடந்து பல நூற்றாண்டுகள் ஆயின. அப்படியிருக்க, யாருக்காகப் போர்? பெருமானுக்காக என்று இருவரும் சொல்லவில்லை. கோயில் எங்கள் முன்னோர் பெருமை என்கிறார் ஒருவர். எங்கள் மண்ணின் மானம் என்கிறார் மற்றவர். உடைமை என்ற பேச்சு வந்தபின் அங்கே உறைபவர் யார் என்ற கேள்வி எழுவதே இல்லை.

இவ்விடத்தில் நம் அன்பர் சிலர் வேறொன்று சொல்லக் கேட்டிருக்கிறோம். ‘அது சிவன் கோயில் அல்லவா? அவ்விருவருக்கும் உரியதன்று, நமக்கே உரியது’ என்கின்றனர். ஆர்வத்தால் சொல்கின்றனர். ஆனால் இருவர் பிடித்து இழுக்கும் பொருளில் மூன்றாவது கையை வைப்பதற்குப் பெயர் பத்தி ஆகாது. கட்டியவன் காம்போச மன்னன். கல்சுமந்தவர் அம்மண்ணின் மக்கள். இன்று அங்கே கற்பூரம் இல்லாவிட்டாலும் ஒரு கிழவி பத்திக்குச்சி கொளுத்திக் கும்பிடுகிறாளே, அந்தக் கும்பிடு எங்கே போய்ச் சேருகிறது? அதனை அயலது என்று தள்ளச் சைவ சித்தாந்தம் நமக்குக் கற்பிக்கவில்லை.

மேலும், நமக்கு அந்தத் தகுதி உண்டா என்பதையும் பார்க்கவேண்டும். சைவ மேடையில் இதைச் சொல்லலாமா என்று நாம் சிலநாள் தயங்கியதுண்டு. சொல்லாமல் விட்டால் இன்றைய பேச்சு பாதிப் பேச்சு ஆகிவிடும்.

முன்னே சொன்ன தில்லையில் ஓரிடத்தில் நின்றால் நடம்புரியும் பெருமானையும் பள்ளிகொண்ட கோவிந்தராசரையும் ஒருசேரக் காணலாம். ஆழ்வார்கள் அதனைத் தில்லைத் திருச்சித்திரகூடம் என்று பாடினர். நம் மணிவாசகரே திருக்கோவையாரில், தில்லை முன்றிலில் திருமால் கிடக்கும் நிலையைக் குறித்திருக்கிறார். இருவரும் இருந்த இடத்தில் 12ஆம் நூற்றாண்டில் ஒரு செயல் நடந்தது. இரண்டாம் குலோத்துங்கன் தில்லையைப் பொன்மயமாக்கித் திருப்பணி செய்தபோது திருமால் திருவுருவைப் பெயர்த்துக் கடலில் இடச் செய்தான். இதை வைணவர் மட்டும் சொன்னால் பகைவர் கூற்று என்று ஒதுக்கலாம். அவன் அவைப்புலவர் ஒட்டக்கூத்தரே அதனை அரசனுக்குப் பெருமையாகப் பாடிவைத்திருக்கிறார். சேக்கிழார் பெருமானை ஆதரித்த அநபாயன் என்று நாம் கைகூப்பும் வேந்தனும் இவனே. பெரிய புராணத்துக்கு நன்றி சொல்லும் வாய், கடலில் இட்டதற்கு என்ன சொல்லும்? நாம் அச்செயலுக்குச் சமாதானம் தேடவில்லை.

விசயநகர வேந்தன் அச்சுத தேவராயன் 1539இல் கோவிந்தராசரை அங்கே மீண்டும் எழுந்தருளச் செய்தான். அதன்பின் 1597இல் செஞ்சி கிருட்டிணப்ப நாயக்கன் அச்சந்நிதியைப் பெருக்கிக் கட்ட முனைந்தான். தில்லைவாழ் அந்தணர் தடுத்தனர், அவன் கேட்கவில்லை. அவர்கள் கோபுரத்தின் மேலேறி ஒருவர்பின் ஒருவராக விழுந்து உயிர்விட்டனர். அப்போது அப்பக்கம் வந்த இயேசு சபைத் துறவி பிமெண்டா, இருபதுபேர் மாண்டனர் என்றும், நாயக்கன் சினந்து மற்றவரைச் சுடச்சொன்னதில் இருவர் வீழ்ந்தனர் என்றும் எழுதி வைத்திருக்கிறார். கடலில் இட்டவன் சைவன், சுடச்சொன்னவன் வைணவன். இருவரும் திருப்பணி செய்தவர்களே!

அக்காலத்துக் காம்போசத்தைச் சற்றே திரும்பிப் பாருங்கள். இரண்டாம் சூரியவர்மன் திருமாலடியான். உலகம் வியக்கும் அங்கோர் வாட் கோயிலைத் திருமாலுக்கு எடுத்தவன் அவனே. அவனுக்குக் குருவாக இருந்தவர் திவாகர பண்டிதர் என்னும் முதுபெரும் அந்தணர். மன்னன் அவருக்கு வெண்குடைகளும் பொற்கலங்களும் யானைகளும் கொடுத்தான். அந்தப் பண்டிதர் சிகரேசுவரர் கோயிலுக்கு ஒரு காணிக்கை செய்ததைக் கல்வெட்டு சொல்லுகிறது. அது பொன்னால் ஆகிய ஆடவல்லான் திருவுருவம்! திருமாலடியான் அரசாட்சியில், அவன் குருவே, மலையுச்சிச் சிவபெருமானுக்குப் பொற்கூத்தனை வைத்து வணங்கினார். நம் குலோத்துங்கனும் அந்தச் சூரியவர்மனும் ஏறத்தாழ ஒரே காலத்தவர்.

காம்போசம் எப்போதும் அவ்வாறே இருந்தது என்று நாம் சொல்லவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அங்கும் புத்தர் வடிவங்களைச் செதுக்கி அழித்து இலிங்கமாக மாற்றியிருக்கின்றனர். செய்தவர் சிவன் பெயரால் செய்தவர்தாம். அதே நாட்டில், 967இல் எழுந்த பந்தியாய் சிரேய் கோயிலில், ஆடும் பெருமான் திருவடியருகே எலும்பும் தோலுமாய் ஓர் அம்மை அமர்ந்திருக்கிறார். அவர் நம் காரைக்கால் அம்மையார் என்பது அறிஞர் பலர் கருத்து. பேயுருவை வேண்டிப் பெற்ற அந்தத் தாய்க்கு எந்த நாட்டு எல்லை தடையாயிற்று!

திவாகரர் வைத்த பொற்கூத்தன் இன்று சிகரேசுவரத்தில் இல்லை. கருவறை இடிந்து கிடக்கிறது. சூரியவர்மன் நாட்டிலிருந்து தில்லைக்கு வந்த கல்லைப் பற்றிய எழுத்து மட்டும் தில்லைச் சுவரில் நிலைத்திருக்கிறது. தா முயன் தோமில் மலைப்பாறையே மூர்த்தமாகையால் அதனை யாரும் பெயர்த்துக் கொண்டுபோக முடியவில்லை. மழைக்காலத்தில் அபிடேகம் செய்யும் அந்தணர் இல்லாமலே அதன்மேல் நீர் விழுகிறது. வெட்டிய கால்வழியே வெளியேறுகிறது. அந்த நீர் மலைமேல் எப்பக்கம் பிரிந்து ஓடுகிறது என்பதைத்தான் 1904 முதல் அளந்துகொண்டிருக்கின்றனர்.

கூத்தப்பெருமான் வீதியுலாவுக்கு எழுந்தருளும் நேரம் நெருங்கிவிட்டது. மேளம் கேட்கிறது. ஓதுவாமூர்த்திகள் திருவெம்பாவை தொடங்கக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வழிவிட்டு அமர்கிறோம்.